ஹேண்ட்ஹெல்ட் வாங்கினா மொதல்ல சேவ் ஃபைல பாருங்க மக்கா

ரெட்ரோ கேம் ஆடுற சின்ன ஹேண்ட்ஹெல்ட் இப்ப நம்ம நாகர்கோவில் பக்கமும் நெறைய பேரு கைல கெடக்கு, வாங்கினதும் எல்லாரும் ஷேடர், தீம், பார்டர்னு தான் நோண்டுறாங்க, சேவ் ஃபைல் எங்க போய் விழுதுன்னு பாக்குறவங்க ரொம்ப கொறச்சல். எனக்கு மொத்த செட்டப்புலயும் அதான் பெருசு.

பழைய கேம ஓட்டுற ரெட்ரோஆர்ச் ஆப்ல சேவ் ரெண்டு விதம். ஒண்ணு ஸ்டேட், அந்த நொடில எமுலேட்டர் (பழைய மெஷின் மாதிரி நடிக்கிற புரோகிராம்) மெமரில என்ன இருக்கோ அத அப்படியே எடுத்து வைக்கிறது. இன்னொண்ணு கேமே பண்ற சேவ், அந்தக் காலத்துல கேசட்டுக்குள்ள ஒரு பேட்டரி இருந்து காப்பாத்துச்சே அது, இங்க எஸ்ஆர்எம் ஃபைலா வரும். ஸ்டேட்ட மட்டும் நம்பி மாசக்கணக்குல ஆடாதீங்க, கோர்னா ரெட்ரோஆர்ச்சுக்குள்ள ஓடுற எமுலேட்டர், கேம்பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ கோர்ல எடுத்த ஸ்டேட் ஜிபிஎஸ்பிங்கிற இன்னொரு கோர்ல ஓடாது, சில சமயம் கோர அப்டேட் பண்ணினாலே ஓடாது. எஸ்ஆர்எம் பெரும்பாலும் கோர் மாத்தினாலும் எடுத்துக்கும்.

ஆனா பல டிவைஸ்ல கேம குளோஸ் பண்ணும்போது தான் எஸ்ஆர்எம் மெமரி கார்டுல ஏறும். மார்த்தாண்டத்துல அக்கா மவன் போக்கிமான் எமரால்டு ஆடிட்டே பஸ்ல வந்திருக்கான், நடுவுல சார்ஜ் தீந்து ஆஃப் ஆயிட்டு, "மாமா நான் சேவ் குடுத்தேன், காணல"ன்னு மொகம் வாடிப்போய் நிக்கான், புள்ள சொன்னது நெசம் தான், அவன் குடுத்த சேவ் ஆஃப் ஆனா அழிஞ்சு போற மெமரில (ரேம்ல) தான் இருந்துச்சு, கார்டுக்கு போகல. செட்டிங்ஸ்ல சேவிங் உள்ள போய் சேவ்ரேம் (அந்த எஸ்ஆர்எம் தான்) ஆட்டோசேவ் இன்டர்வல்ல 10 செகண்டுன்னு வச்சுக் குடுத்தேன், இப்ப கவலை இல்ல.

அதே மெனுல இன்னொரு ஆப்ஷன் உண்டு, ஸ்டேட் லோட் பண்ணும்போது சேவ்ரேம ஓவர்ரைட் பண்ண வேண்டாம்னு. அது ஆஃப்ல இருந்தா போன வாரத்து ஸ்டேட்ட எடுத்ததும் பழைய சேவ் வந்து புதுசு மேல ஏறிரும், கேட்டியளா. ரோம் (கேம் ஃபைல்) பேர மாத்தினா எஸ்ஆர்எம் பேரயும் அதே மாதிரி மாத்தணும், இல்லன்னா கேம் புதுசா தொடங்கும்.

டிவைஸ் கூட வர்ற மெமரி கார்டு பல நேரம் மட்டமா தான் இருக்கும், நல்ல கார்டு ஒண்ணு வாங்கி எல்லாத்தையும் காப்பி பண்ணிருங்க. பேக்கப்புக்கு சோம்பல் படாதீங்க, பழைய பிளேஸ்டேஷன் 1ல சேவ் வைக்கிற மெமரி கார்டே 128 கேபி தான், எமரால்டு சேவும் அவ்வளவு தான், நூறு கேம் இருந்தாலும் 15 எம்பி வராது, ஒரு பென்டிரைவ் போதும்.

ஸ்கிரீன் பத்தி ஒண்ணே ஒண்ணு, 640க்கு 480 ஸ்கிரீன்ல கேம்பாய்க்கு இன்டிஜர் ஸ்கேல் (படத்த முழு மடங்குல மட்டும் பெருசாக்குறது) போட்டா மூணு மடங்குல 480க்கு 432 வரும், பிக்சல் அம்சமா நிக்கும். கேம்பாய் அட்வான்ஸுக்கு ரெண்டு மடங்கு தான் வரும், சின்னதா தெரியும், அதுக்கு மட்டும் ஆஃப் பண்ணி குயிக் மெனுல கோர் ஓவர்ரைடா சேவ் பண்ணிக்கோங்க, மத்த கோர்ல ஒண்ணும் மாறாது.