விளக்குத்தூண் தாண்டி

டிசம்பர் 23, 2024, திங்கள்

எடை 92.4 கிலோ. உயரம் 168 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. "சுகர் இன்னும் உங்க வீட்டுக்குள்ள வரல, வாசப்படியில நிக்குது" என்றார் டாக்டர். 5.7-லிருந்து 6.4 வரை வாசற்படியாம். 6.5 என்றால் குடிவந்துவிட்டதாகக் கணக்கு.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் 18 வருஷமாகக் கணக்கெழுதுகிறேன். கடையில் நான் நடக்கும் அதிகபட்ச தூரம் கல்லாவிலிருந்து டீ கிளாஸ் வரை.

கைப்பேசியில் 'கவுச் டு 5கே' இறக்கியிருக்கிறேன். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-ல் தன் அம்மாவை ஓடவைக்கப் போட்ட திட்டம். வாரம் மூன்று நாள், ஒன்பது வாரம். சோபாவில் கிடப்பவரை ஐந்து கிலோமீட்டர் ஓடவைப்பதுதான் திட்டம். எங்கள் வீட்டில் சோபா கிடையாது. பாயிலிருந்து ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அனுப்பானடியிலிருந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நடக்கிற தூரம்தான். மார்கழி. ஐந்தரை மணிக்கே தெருவெல்லாம் கோலம். ஈரக் கோலத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் பாதி உடற்பயிற்சி முடிந்துவிட்டது.

திட்டப்படி ஐந்து நிமிஷம் நடை. பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை, இப்படி எட்டு தடவை. ஒரு நிமிஷம்தானே என்று முதல் தடவை பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி பாய்ந்தேன். மூன்றாவது தடவையில் காது அடைத்தது. நான்காவதில் குளத்தின் சுற்றுச்சுவரைப் பிடித்து நின்றேன். பக்கத்தில் தினசரி நடக்கிற பெண்கள் நாலு பேர் பேச்சை நிறுத்திவிட்டு, நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 25, புதன்

தொடை இரண்டும் உரசிப் புண். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனேன். ஐந்து தடவை ஓடினேன்.

டிசம்பர் 28, சனி

ஆறு மணிக் குளிருக்குப் பருத்திப்பால் வண்டியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. சுக்கும் கருப்பட்டியும் மணக்க ஒரு டம்ளர் குடித்துவிட்டு ஓடினேன். வயிற்றுக்குள் குடம் தளும்புகிற சத்தம் எனக்கே கேட்டது. வலது விலாவில் ஊசி குத்தியது மாதிரி ஒரு வலி. குனிந்து நின்று, மெதுவாக மூச்சை விட்டபிறகுதான் அடங்கியது.

இனிமேல் பருத்திப்பால் ஓடி முடித்தபிறகு. (குடிக்கவே கூடாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.)

ஜனவரி 3, 2025, வெள்ளி

இரண்டு முழங்காலுக்கும் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி வலி. படி இறங்கும்போது உயிர் போகிறது. போட்டு ஓடியது மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கிய கேன்வாஸ் ஷூ. அடிப்பாகம் அப்பளம் மாதிரி. அதோடு, உட்கார்ந்தே இருந்த கால் எலும்பு ஒரே வாரத்தில் 92 கிலோவைத் தாங்கிக் குதிக்கப் பழகிவிடாது.

ஐஸ் ஒத்தடம். ஓட்டம் நிறுத்தம். "நான் சொன்னேன்ல" என்று மனைவி சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அதிகம் கேட்டது.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் எல்லாம் முடிந்தது. டிவியில் அலங்காநல்லூர் பார்த்துக்கொண்டு மாமியார் வீட்டு மட்டன். எடை 93. மூன்று நாளில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கணக்கை எந்தப் பேரேட்டிலும் எழுதப் போவதில்லை.

ஜனவரி 20, திங்கள்

புது ஷூ வாங்கியாயிற்று. கடைக்காரப் பையன் காலை அளந்துவிட்டு, வழக்கமான எட்டை எடுத்துத் தரவில்லை. "ஓடுனா பாதம் வீங்கும்ணே, முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் வேணும்" என்று எட்டரையைத் தந்தான். விலையை வீட்டில் சொல்லும்போது ஆயிரம் குறைத்துச் சொன்னேன்.

இன்றுதான் அந்த ஐயாவிடம் பேச்சு விழுந்தது. தினமும் மாரியம்மன் கோயில் எதிரே, காதை மறைத்து மப்ளர் கட்டிக்கொண்டு நடக்கிறவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, ஒரு மாசமா பாக்குறேன். பாயுறீங்க, நிக்கிறீங்க. பாயுறீங்க, நிக்கிறீங்க. இது எக்ஸ்பிரஸ் இல்ல தம்பி. டவுன் பஸ்ஸு மாதிரி போங்க."

எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நம்ம ரூட்டுதான்" என்று ஒரு வழி சொல்லித் தந்தார். குளத்துக்கு நாலு மூலை. கோயில் எதிரே கிளம்பினால் முதல் மூலை முனிச்சாலை, இரண்டாவது கீழவாசல், மூன்றாவது விளக்குத்தூண், நாலாவது பெரியார் பஸ் ஸ்டாண்டு. ஒவ்வொரு மூலையிலும், ஓடிக்கொண்டே, "கீழவாசல் எறங்குறவுக முன்னாடி வாங்க" என்று முழுவதையும் ஒரே மூச்சில் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் வேகம் சரி. நடுவில் மூச்சு அறுந்தால் வண்டி ஓவர் ஸ்பீடு.

முனிச்சாலையிலேயே அறுந்தது.

ஜனவரி 27, திங்கள்

கீழவாசலைச் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு எவ்வளவு மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது என்பதுதான் கொடுமை. சேலைக்குக் கீழே ஷூ போட்ட ஒரு அம்மா, கைகளை வீசி வீசி நடந்து என்னைத் தாண்டிப் போனார். நான் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் நடந்துகொண்டிருந்தார். தாண்டும்போது சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மகள் விடுமுறை நாளில் ஒருதடவை கூட வந்து பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க ஓடுறீங்களா, குலுங்குறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு நானூறு மீட்டரில் பள்ளிக்கூடப் பரிசு உண்டு. என்னால் பதில் பேச முடியவில்லை. மூச்சு இருந்தது, பதில்தான் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

டீக்கடை மூலையில் ஒரு செவலை நாய். நடக்கிறவர்களைத் தலை தூக்கிக்கூடப் பார்க்காது. ஓடுகிறவனைக் கண்டால் மட்டும் அதற்கு என்னவோ ஆகிறது. இன்று துரத்தியது. கைப்பேசி அப்புறம் காட்டிய கணக்குப்படி என் வாழ்நாள் அதிவேகம் இன்றைக்குத்தான்.

"நாய் வந்தா நடந்துரணும். கண்ணப் பாக்கக் கூடாது" என்றார் ஐயா. முந்தாநாள் சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். தெப்பத் திருவிழா. இன்று ஓட இடம் ஏது? மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறி, கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்க இழுக்கக் குளத்தைச் சுற்றி வந்தார்கள். நான் தினமும் மூச்சுத் திணறிச் சுற்றுகிற சுற்றையே சாமியும் சுற்றுகிறது. அவர்களுக்கு இழுக்க ஆள் இருக்கிறது.

குளம் ஏறத்தாழ 1000 அடிக்கு 950 அடி. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகால் கட்ட இங்கே மண் எடுத்தபோதுதான் மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பது ஊர்ப் பேச்சு. ஒரு சுற்று, நடைபாதையில் 1.2 கிலோமீட்டர் சொச்சம்.

கூட்டத்தில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. நான் கடைசியாக ஆசையோடு ஓடியது இந்தக் குளத்துக்குள்ளேதான். அப்போதெல்லாம் வருஷக்கணக்கில் தண்ணீர் கிடையாது. மைய மண்டபத்தைச் சுற்றிக் கிரிக்கெட் டீம்கள், ஒரே நேரத்தில் ஏழெட்டு மேட்ச். எங்கள் பந்து அடுத்த டீமின் ஆட்டத்துக்குள் போய்விடும், எடுக்க ஓடுவோம். அப்போது 55 கிலோ இருந்திருப்பேன். இப்போது வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளம் நிறைந்து கிடக்கிறது. நான் ஓடிய மைதானம் தண்ணீருக்கு அடியில்.

பிப்ரவரி 13, வியாழன்

ஒன்றரை மாதமாக எடை அசையவில்லை: 92.2. கணக்குப்பிள்ளைக்கு இது அவமானம். உட்கார்ந்து பற்று வரவு எழுதினேன்.

ஒரு கிலோமீட்டர் ஓடினால் செலவாவது, உடல் எடை எத்தனை கிலோவோ, ஏறத்தாழ அத்தனை கலோரி. எனக்கு 92. நடையும் ஓட்டமுமாகக் கலந்து ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீட்டர் போகிறேன். தாராளமாகப் போட்டாலும் 180. வாரம் மூன்று நாள், 540.

வரவுப் பக்கம்: கடை அடைத்து ஒன்பதரைக்கு வரும்போது கல்லைத் தட்டும் சத்தம் கேட்டு இறங்கும் இடம். மூன்று பரோட்டா, சால்னா. மைதாவும் எண்ணெயும் சேர்ந்து ஒரு பரோட்டாவே 200-ஐத் தாண்டிவிடும். ஆக, ஒரு வாரம் தெப்பக்குளத்தைச் சுற்றியதை ஒரே ராத்திரியில் தின்று தீர்த்திருக்கிறேன். அதுவும் வாரத்தில் நாலு ராத்திரி. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7700 கலோரி வேண்டும். இந்த வேகத்தில் ஐந்தொகை போட்டால் நான் என்றைக்குமே கடன்காரன்.

மனைவியிடம் பேரேட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "என்னங்க, வாரத்துக்கு நாலு நாளா? எங்கிட்ட ரெண்டு நாள்னுல்ல சொன்னீங்க" என்றாள். ஷூ விலையும் அந்தச் சூட்டிலேயே வெளியே வந்துவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

ராத்திரி வீட்டில் இட்லி, அல்லது கேப்பைத் தோசை. பரோட்டா ஞாயிற்றுக்கிழமை மட்டும், இரண்டு. 90.6.

முதல் நாலு நாள் ராத்திரி பசியில் தூக்கம் வரவில்லை. பரோட்டாக் கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டு வேறு வழியாக வருகிறேன். அங்கே ஒரு புதுப் பரோட்டாக் கடை திறந்திருக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

விளக்குத்தூண் மூலை பெரிய தொல்லையாக இருக்கிறது. இரண்டு வாரமாக முனிச்சாலை, கீழவாசல் இரண்டும் சுலபமாகப் போகிறது. "விளக்குத்தூண் எறங்குறவுக" என்று வாய் சொன்னதும் கால் நின்றுவிடுகிறது. மூச்சு முட்டவில்லை, கால் வலிக்கவில்லை. 18 வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டால் இறங்கிப் பழகிய உடம்பு.

ஐயாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மூணாவது மூலைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மார்ச் 7, வெள்ளி

மூன்றாவது மூலையில் அவர் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு விரலை மடித்து வாயில் வைத்து டபுள் விசில் கொடுத்து, "ஸ்டாப்பிங் இல்ல, ஸ்டாப்பிங் இல்ல, போ போ போ, ரைட்டு!" என்று கத்தினார். நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். செவலை நாய்கூட எழுந்து உட்கார்ந்தது.

நான் நிற்கவில்லை. முதல் தடவையாகப் பெரியார் போய்ச் சேர்ந்தேன். முழுச் சுற்று, நிற்காமல்.

சுவரில் சாய்ந்து மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பருத்திப்பால், அரை டம்ளர்.

மார்ச் 16, ஞாயிறு

திட்டத்தின் ஐந்தாவது வாரம், மூன்றாவது நாள். முதல் நாள் ஐந்து ஐந்து நிமிஷமாக மூன்று ஓட்டம், அடுத்த நாள் எட்டும் எட்டும். பிறகு ஈவிரக்கம் இல்லாமல் இருபது நிமிஷம், இடையில் நடையே கிடையாது. பார்த்ததும் கைப்பேசியைக் குளத்தில் போடத் தோன்றியது. ஐந்தாவது வாரத்துக்கு வந்து சேரவே எனக்குப் பன்னிரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

காலை எடை 88.9. பெல்ட்டில் பழைய ஓட்டை கைவிடப்பட்டது.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். குளிர் போய்விட்டது, புழுக்கம் ஆரம்பித்திருக்கிறது. முனிச்சாலை. கீழவாசல். விளக்குத்தூணில் விசில் கொடுக்க ஆள் இல்லை. எனக்கு நானே "ஸ்டாப்பிங் இல்ல" என்று சொல்லிக்கொண்டேன். எதிரே வந்த தம்பதி விலகி வழிவிட்டார்கள். பெரியார் வரும்போது கைப்பேசியில் பத்தரை நிமிஷம். திரும்பிப் போகிற ட்ரிப்பில் ஸ்டாப் பெயர்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும் என்று நானே விதி வைத்துக்கொண்டேன். விளக்குத்தூண், கீழவாசல். அங்கே சேலைக்குக் கீழே ஷூ போட்ட அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார். வேகத்தைக் கூட்டவில்லை. அவரே டீக்கடையில் நின்றதால் தாண்டினேன். தாண்டியது தாண்டியதுதான்.

முனிச்சாலையைச் சொன்னபோது குரல் கம்மியது, ஆனால் அறுபடவில்லை. தெப்பக்குளம் வர நூறு மீட்டர் இருக்கும்போது இருபது நிமிஷம் முடிந்ததாக மணி அடித்தது. நின்றால் பாதி ரோட்டில் பயணிகளை இறக்கிவிட்ட மாதிரி இருக்கும் என்று கோயில் எதிர் வரைக்கும் ஓடிவிட்டு நின்றேன்.

ஐயா அங்கேதான் படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வரைக்கும் போனீங்க?"

"பெரியார் போய் ரிட்டர்ன், ஐயா."

நிமிர்ந்து பார்த்தார். மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "சரி, செவ்வாய்க்கிழமையிலேருந்து மாட்டுத்தாவணி ரூட்டு" என்றார். "அதுல ஸ்டாப்பிங் ஜாஸ்தி."