கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்

விவாகரத்து மனுப் போட வந்தவர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இங்கே மலேசியாவில், தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட் ஊருக்கு வேறு எப்படி வருவது? பஸ்ஸை நம்பினால் மத்தியானம் ஆகிவிடும். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் ஹெல்மெட் வார் சிக்கிக்கொண்டது. கணவர் பழக்க தோஷத்தில் கை நீட்டி அவிழ்த்துவிட்டார். பிறகு படியேறி வந்து, நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் எனக்கு இது 23ஆவது வருடம். மனுவைத் தட்டச்சு செய்வது, நகல் எடுப்பது, ஈப்போவுக்கு அலைவது எல்லாம் நான்தான். சிலர் இன்னும் என்னைக் ‘கிராணியம்மா’ என்பார்கள், கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்து வரிசை வீடுகள் காலியாகி ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சொல் மட்டும் போகவில்லை.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம். நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. (அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் விட்டவர்களும் எங்களிடம் வருகிறார்கள். சட்டத்தின் கணக்கில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்ததா என்பதே கேள்வியாகிவிடும், பிறகு விவாகரத்து ஏது? அது தனிக் கதை.) அந்தச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் கூட்டு மனு. கல்யாணமாகி இரண்டு வருடம் கழிந்திருந்தால் கணவனும் மனைவியும் சேர்ந்தே உயர்நீதிமன்றத்தில் கேட்கலாம். யார் மேல் குற்றம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் யாரிடம், மாதச் செலவு எவ்வளவு, வீட்டுக் கடன் யார் தலையில் என்பதை எல்லாம் வெளியிலேயே பேசி எழுதிக் கொடுத்துவிட்டால் நீதிமன்றத்தில் பெரும்பாலும் சில நிமிட வேலை. பிறகு மூன்று மாதக் காத்திருப்பு, அப்புறம் இறுதித் தீர்ப்பு. ஒருவர் முரண்டு பிடித்தால், பொதுவாக முதலில் சமரசக் குழுவின் படியேற வேண்டும். அது ஆறு மாதம் வரை போகலாம். அங்கே அனுமதியில்லாமல் வழக்கறிஞர் பேச முடியாது, குடும்பத்து ஆள் வேண்டுமானால் பேசலாம்.

கூட்டு மனுவில் நீதிபதி முக்கியமாகப் பார்ப்பவை இரண்டு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு இருக்கிறதா? இருவரும் சுய விருப்பத்தோடு சம்மதித்தார்களா? இந்த இரண்டாவது வரி என் விரல்களுக்கு மனப்பாடம். நான் நினைக்காமலே அவை தட்டச்சு செய்துவிடும்.

அப்படி நினைக்காமல் தட்டச்சு செய்த ஒரு மனு இன்னும் என்னை விடவில்லை. அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண், அண்ணனோடு வந்தார். “அவர் காசு ஒரு சல்லி வேண்டாம்” என்றார். ரோஷமுள்ள பெண் என்று நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். வக்கீலம்மா இரண்டு முறை கேட்டார், அதே பதில். நீதிபதி கேட்டபோதும் தலையாட்டினார். இறுதித் தீர்ப்பு வந்து பல மாதம் கழித்து ஒரு நாள் தனியாக வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு என்ன வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே அக்கா.”

“கேட்டோமே அம்மா, இதே இடத்தில்தானே கேட்டோம்?”

“அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது கேட்டீர்கள்.”

எனக்குப் பதில் வரவில்லை. அவரும் பதிலுக்காக வந்ததாகத் தெரியவில்லை.

நான் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கேயும் குடும்பச் சண்டைகள் நீதிமன்றத்துக்கு வெளியில்தான் தீர்ந்தன. மாரியம்மன் கோயில் வாசலில் தலைவர், கங்காணி, நாலு பெரியவர்கள் உட்கார்ந்து நியாயம் பேசுவார்கள். நான் பார்த்த ஒவ்வொரு பஞ்சாயத்தும் பெண்ணை அதே லயத்து வாசலில் கொண்டுபோய் விட்டுத்தான் முடிந்தது. அதனால் ‘சுமுகமாகப் பேசித் தீர்த்தார்கள்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அந்தப் பெண்ணின் பக்கத்தில் அப்போது யார் உட்கார்ந்திருந்தார்?

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டூவர்ட் வெப் என்ற வழக்கறிஞர் 1990இல் தொடங்கிய முறையை வக்கீலம்மா ஒரு நாள் சொன்னார். இரு தரப்புக்கும் தனித்தனி வழக்கறிஞர்கள். நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சு முறிந்து வழக்காகிவிட்டால் அந்த இரண்டு வழக்கறிஞர்களும் விலகிவிட வேண்டும் என்று முதலிலேயே கையெழுத்து. சண்டையை வளர்த்து யாரும் சம்பாதிக்க வழியில்லை. கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தையே தவணையில் கட்டுகிறார்கள், இரண்டு பேருக்கு எங்கே போவது? கூட்டு மனுவுக்கு இருவரும் ஒரே வழக்கறிஞரிடம் வருவதுதான் எங்கள் அலுவலகத்தில் வழக்கம். வக்கீலம்மா சிரிக்கவில்லை. “இரண்டு வக்கீல் இல்லாவிட்டால் என்ன, இரண்டு தடவை கேட்கலாமே” என்றார்.

மோட்டார் சைக்கிளில் வந்த கணவரை அப்படித்தான் கோப்பி குடிக்க அனுப்பினோம். அந்தப் பெண் எதைக் கேட்டாலும் “அவர் சொன்னதுதான்” என்றார். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் கோப்புகளை அடுக்குவதுபோல் நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவராகவே பேசினார். மாமியாருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), காலில் ஆறாத புண். தினமும் கழுவிக் கட்டுப்போடுவது இவர்தான். “அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். நான் போய்விட்டால் யார் கட்டுவது?” அப்போதுதான் அழுதார். பதினாலு வருடக் கல்யாணத்தைப் பற்றிப் பேசியபோது அவர் கண் கலங்கவில்லை.

பிறகு கணவரைத் தனியாகக் கேட்டோம். மனைவி எதுவும் வேண்டாம் என்று சொன்னது அவருக்கும் உறுத்தியிருக்கிறது. “லோரிக்கு முன்பணம் அவள் நகையை அடகு வைத்துக் கட்டியதுதான்” என்றார். மனைவி எதிரில் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம். நகையின் பெறுமதியைத் தவணையில் திருப்பிக் கொடுப்பதாக மனுவில் ஒரு பத்தி சேர்ந்தது. புண்ணைக் கழுவுவதற்கு எந்தப் பிரிவும் இல்லை. அதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். கணவர் கற்றுக்கொள்ளும்வரை இந்தப் பெண் வாரம் இரண்டு நாள் வந்தாராம். முதல் நாள் அவர் நிஜமாகவே மயங்கி விழுந்தார் என்று சொல்லும்போது இந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அண்ணன், மாமன், சித்தப்பா, கணவன், யார் கூட வந்தாலும் பாதியில் கீழே அனுப்பிவிடுகிறோம். சில சமயம் அந்தப் பெண்களையே அனுப்புகிறோம். பேச முடியாமல் உட்கார்ந்திருப்பவர் எப்போதும் மனைவிதான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதனால் ஒரு மனுவுக்கு ஆகிற நேரம் இரட்டிப்பாகிவிட்டது. சனிக்கிழமை ஒரு மணிக்கு நான் வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாகிறது. கோப்பிக் கடைக்காரர் மட்டும் எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டார். மாடியிலிருந்து இறங்கி வருகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. பாலில்லாத கோப்பி ஓ ஒன்றை வைத்து, அன்றைய நாளிதழையும் நீட்டிவிட்டு, “அவசரப்படாதீர்கள், மேலே நேரமாகும்” என்கிறாராம்.