கண்ணும் கையும்: வன்னி வைத்தியசாலைகளில் செவிப்புலனற்றோர்

இலங்கையின் வடக்கே, வன்னியில் செவிப்புலனற்ற நோயாளிகள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. போர்க்காலத்து ஷெல்லடியில் செவிப்பறை கிழிந்தோ உட்காது பழுதாகியோ கேட்கும் திறனை இழந்தவர் பேசுவார், எழுத்து வாசிப்பார். அவருக்குக் கொப்பியும் பேனையும் போதும். பிறவியிலேயே கேளாமல், இடம்பெயர்வுகளுக்குள் பள்ளிக்கூடமும் தவறியவருக்கு வீட்டுச் சைகை மட்டுமே தெரிந்திருக்கும். எழுதிக் காட்டினால் தலையாட்டுவார். விளங்கிவிட்டது என்று அதை எடுக்கக்கூடாது. பலவேளை ‘கெதியாய் விடுங்கோ’ என்பதுதான் அதன் பொருள்.

கேளாத அம்மாவோடு மகள் வந்தால், வைத்தியர் சிங்களத்தில் கேட்க, தாதி தமிழில் சொல்ல, மகள் சைகையில் காட்டுவாள். ‘எப்போதிருந்து, எப்படி நோகுது?’ என்ற கேள்வி அம்மாவிடம் போய்ச் சேரும்போது வெறும் ‘நோகுதா?’ ஆகிவிடும். மாதவிடாய் பற்றிய கேள்வி என்றால் பிள்ளை அதை விட்டுவிடும். அதைப் பிள்ளையிடம் கேட்பதே பிழை.

காது கேளாததை விட, கண்ணையும் கையையும் நாங்கள் மறித்துவிடுவதுதான் பெரிய தடை. முகக்கவசத்தோடு பேசுகிறோம். வலக்கையால் சைகை செய்பவருக்கு வலது மணிக்கட்டிலேயே கனூலா (மருந்து ஏற்ற நாளத்துக்குள் செருகும் சிறு குழாய்) போட்டுப் பிளாஸ்டர் சுற்றுகிறோம். இடது முன்கையில் நல்ல நாளம் இருந்தால் அங்கே போடலாமே. எக்ஸ்ரே அறையில் ‘மூச்சை இழுத்துப் பிடியுங்கோ’ என்ற குரல் தடுப்புக்குப் பின்னாலிருந்து வரும். அவர் சும்மா மூச்சுவிட, படம் மங்கும், திரும்ப எடுக்கவேண்டி வரும். முன்னால் நின்று கையை உயர்த்தினால் பிடி, இறக்கினால் விடு என்று இரண்டு தரம் பழக்கியபின், கண்ணாடிக்குள்ளால் அதையே காட்டலாம். நெஞ்சுப் படத்துக்கு அவர் முகம் மறுபக்கம் இருக்கும் என்பதால், அவர் கண்ணில் படும்படி ஒரு பக்கமாக, கதிர் நேரே படாத இடத்தில் வேறொருவர் கதிர்க் காப்புடுப்போடு நின்று காட்டவேண்டும்.

பாம்புக்கடியில் இது உயிர்ப்பிரச்சினை. நரம்பு நஞ்சு ஏறுகிறதா என்று அறிய ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். பேசாதவரிடம் அது நடக்காது. இமை தொங்குகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்குகிறாரா, விரலை இறுக்கிப் பிடிக்கிறாரா என்று திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். இமை இறங்கிவிட்டால் அவருக்கு நினைவு தெளிவாயிருந்தாலும் சைகை கண்ணுக்குத் தெரியாது. கண் திறந்திருக்கும்போதே தொடு அடையாளங்களைப் பேசிவைக்கவேண்டும்: உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினால் ஓம், இருமுறை என்றால் இல்லை, தொண்டையைத் தொட்டால் மூச்சுக்குழாய் போடப்போகிறோம். பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் தோளைத் தொடவேண்டும். சில வேளை இமையை விரலால் தூக்கிப் பிடித்தும் சைகை காட்டலாம்.

மருந்துக் கவுண்டரில் காலைக்குச் சூரியன், இரவுக்குச் சந்திரன் வரைந்து, பக்கத்தில் குளிசைகளை வட்டங்களாகப் போடலாம். ‘காய்ச்சல் இருந்தால் மட்டும்’ என்பதைப் படமாக்குவதுதான் கஷ்டம். 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, நாளைக்கு 8 குளிசைக்கு மேல் வேண்டாம் என்பதை மணிக்கூட்டு முள்ளைக் காட்டித்தான் சொல்லவேண்டும். நெற்றியில் கைவைத்துச் சூடு என்றால் ஓம், இல்லையென்றால் உறையை மூடுவது போல நடித்துக் காட்டலாம். பிறகு அவரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். எத்தனை எடுக்கிறார், எந்த நேரத்தைக் காட்டுகிறார் என்று பாருங்கள். பிழைத்தால் அங்கேயே திருத்தலாம்.