கர்ட் ஃபிளட் வழக்கைப் படிக்கப் போகிறவர்களுக்கு

விளையாட்டுச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் இந்த வழக்கு வராமல் போகாது: ஃபிளட் எதிர் கூன், அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1972. நான் எடுத்த எடுப்பில் தீர்ப்பைத் திறந்துவிட்டேன். ஆரம்பத்திலேயே பழைய பேஸ்பால் வீரர்களின் நீளமான பெயர்ப் பட்டியல். நீதிபதி பிளாக்மனுக்கு அந்த ஆட்டத்தின் மேல் அவ்வளவு பாசம். எனக்குத் தூக்கம்தான் வந்தது.

நீங்கள் ஆளிடமிருந்து தொடங்குங்கள். கர்ட் ஃபிளட், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் சென்டர் ஃபீல்டர். லாங் ஆன், லாங் ஆஃப் இரண்டையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1963 முதல் 1969 வரை சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது வரிசையாக ஏழு முறை. 1966 சீசனில் ஒரு ஃபீல்டிங் பிழைகூட இல்லை. அந்த மனிதர்தான் 1968 உலகத் தொடரின் (பேஸ்பால் சாம்பியன்ஷிப் இறுதி) ஏழாவது ஆட்டத்தில் ஜிம் நார்த்ரப் அடித்த பந்தைத் தவறாகக் கணித்து முன்னால் ஓடினார். சுதாரித்துத் திரும்புவதற்குள் கால் வழுக்கியது, பந்து தலைக்கு மேல் போனது, தொடரும் கைவிட்டுப் போனது. மறு ஆண்டு அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு சீசன் ஆடியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்க வேண்டிய அவசியமே அன்று இல்லை. வழக்கின் முடிச்சு அதுதான். ‘ரிசர்வ் கிளாஸ்’ என்ற ஷரத்தின்படி ஒப்பந்தம் முடிந்தாலும் அணி அதை ஒருதலையாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வீரர் அங்கேயே ஆட வேண்டும், அல்லது விற்ற இடத்தில் ஆட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்த ஃபிளட், 1969 டிசம்பர் 24 அன்று பேஸ்பால் லீக்குகளின் தலைமை அதிகாரியான கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைப் பார்க்காமல் வாங்கி விற்க நான் சொத்து அல்ல என்று. கூன் மறுக்கவே வழக்குத் தொடர்ந்தார். விடைத்தாளில் இந்தக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள்.

சட்டப் பகுதிக்கு மூன்று ஆண்டுகளை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1922, உச்ச நீதிமன்றம்: பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் அல்ல, ஆகவே ஆன்டிடிரஸ்ட் சட்டம் (வணிகத்தில் போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும் சட்டம்) பொருந்தாது. 1953, டூல்சன் வழக்கு: மாற்ற வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாற்றட்டும். 1972: இந்த விலக்கு முரணானதுதான் என்று ஒப்புக்கொண்டே, பழைய தீர்ப்பில் கைவைக்க மறுத்தார்கள். 5-க்கு 3.

வைவாவில் என்னைக் கவிழ்த்தது இந்த எண்தான். “எட்டுதானே வருது, ஒன்பதாவது நீதிபதி எங்கப்பா?” முழித்தேன். நீதிபதி பாவெல் அன்ஹைசர்-புஷ் பங்குகள் வைத்திருந்ததால் விலகிக்கொண்டார். அப்போது கார்டினல்ஸ் அணியின் உரிமையாளர் அந்த பீர் கம்பெனி.

எழுத்துத் தேர்வில் செய்த தப்பு இதைவிடப் பெரியது. ஃபிளட் வென்று வீரர்களுக்கு விடுதலை வாங்கித் தந்தார் என்று எழுதிவைத்தேன். அவர் தோற்றார். கதவைத் திறந்தது 1975 டிசம்பரில் மெசர்ஸ்மித், மெக்னாலி என்ற இரண்டு வீரர்கள் விஷயத்தில், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) பீட்டர் சைட்ஸ் சொன்ன முடிவு. அது ஒப்பந்தத்துக்குப் பொருள் சொன்ன முடிவு. ஆன்டிடிரஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆன்டிடிரஸ்ட் பாதுகாப்பை மேஜர் லீக் வீரர்களுக்கும் தந்த, ஃபிளட் பெயரிலேயே வந்த சட்டம் 1998-இல். அவர் 1997 ஜனவரியில் இறந்துவிட்டார்.

நேரம் மிஞ்சினால் கீழ் நீதிமன்றத்தில் நடந்த 1970 விசாரணைக்கு யார் யார் சாட்சி சொல்ல வந்தார்கள் என்று பாருங்கள். மார்க் கிடைக்காத பகுதிதான். ஓய்வுபெற்றுப் பல வருடமாகியிருந்த ஜாக்கி ராபின்சன் வந்தார். அப்போது களத்தில் ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட வரவில்லை.