நேர்ந்துகொண்டது அம்மா, ஏறியது நான்

இரண்டு வருடமாக எனக்கு ஒரு பயம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ராத்திரி திடீரென்று நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒன்றுமில்லை, பதற்றம்தான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்த அட்டை சட்டைப்பையில் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டேன். அம்மாவோ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கார்த்திகையில் பையனைப் படியேற வைக்கிறேன் என்று சோளிங்கர் நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள்.

1305 படி. 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது, முட்டிவலிக்கார அம்மா அதில் வருவதாக ஏற்பாடு. நானும் அதிலேயே வந்துவிடுகிறேனே என்று இழுத்துப் பார்த்தேன். "வேண்டிக்கிட்டது படிக்குடா, கம்பிக்கு இல்ல" என்றாள்.

கார்த்திகை ஞாயிறு, கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். வண்டியை நிறுத்தியதும் சீக்கிரம் தரிசனம் செய்துவைக்கிறேன் என்று ஒருவர், கம்பு இல்லாமல் ஏறினால் குரங்கு கடித்துவிடும் என்று இன்னொருவர். ஏற்கெனவே பயந்தவனிடம் காசு பார்ப்பது சுலபம்தானே. கம்பு வாங்கினேன்.

முன்னூறு படி தாண்டியிருப்பேன், அது வந்துவிட்டது. அதே படபடப்பு. ஓரமாக உட்கார்ந்து அட்டையை வெளியே எடுத்தேன். எங்கிருந்து வந்ததோ ஒரு குரங்கு, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு எதிரே சுவரில் ஏறி உட்கார்ந்தது. கம்பு என் காலடியிலேயேதான் கிடந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, ஓரத்தைக் கடித்தது, பிடிக்கவில்லை போல, சரிவில் வீசிவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி, "ஐயோ, முழுங்கிடுச்சா பாரு தம்பி, வாயில்லா ஜீவன்" என்று குரங்குக்காகப் பதறினார். என்னைக் கேட்பாரில்லை.

இறங்கிவிடலாமா? இறங்குவதானாலும் மாத்திரை இல்லாமல்தானே இறங்கவேண்டும். அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த மலைக்குக் கடிகாசலம் என்று பேர், கடிகை என்றால் நாழிகை. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் இங்கே இருந்தாலே போதும், மோட்சம் என்பார்கள். என் படபடப்பும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் இருக்கும். சரி, இந்த ஒரு நாழிகையை நீயே பார்த்துக்கொள் என்று அவரிடமே விட்டுவிட்டு, நரசிம்மா நரசிம்மா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன். படி எண்ணிக்கொண்டு வந்தவன், எண்ணுவதை எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை.

மேலே வரிசை, இடி, நசுக்கல், குழந்தைகளின் அழுகை. உள்ளே போனதும் "நகருங்க, நகருங்க". எனக்குக் கிடைத்தது பத்து விநாடி இருந்தால் அதிகம். பதினோரு மாதம் கண்மூடி யோகத்தில் இருப்பவர் கார்த்திகையில் கண் திறக்கிறார் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டதுதான், ஆனால் கேட்பது வேறு. இரணியனைக் கிழித்தவர் முகமாயிற்றே என்று தயங்கித் தயங்கித்தான் நிமிர்ந்தேன். தீபம் மேலே போயிற்று. அவ்வளவு சாந்தம். திருமங்கையாழ்வார் இந்தச் சிங்கத்தைப் போய் அக்காரக்கனி, சர்க்கரைப் பழம் என்றாரே, எதைப் பார்த்துச் சொன்னார் என்று அப்போது புரிந்தது. பொலபொலவென்று அழுகை வந்துவிட்டது. என்ன கேட்க வந்தேனோ, ஒன்றும் கேட்கவில்லை, மறந்தே போயிற்று. பின்னால் இருந்தவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார், அவரும் நன்றாக இருக்கட்டும்.

மாத்திரையை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம், டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறேன். படபடப்பும் அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது. வந்தால் ஒரு நாழிகை என்று சொல்லிக்கொள்கிறேன், அவர் முகம் வந்துவிடுகிறது. அப்பா, எத்தனை பெரிய தயவு, எனக்குப் போய்!

அம்மா வெளியே காத்திருந்தாள். குரங்கு கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், "சின்ன மலைக்கும் போயிடணும், 406 படிதான், ஆஞ்சநேயர் கோவிச்சுக்குவார்" என்றாள். கம்பை அந்தப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் அந்த மலை ஏறினேன்.