பைக் வேண்டாம்மா, சைக்கிளே போதும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பைக் எடுக்கணுமா?" வடசென்னையில் எங்கள் காலடிப்பேட்டையிலிருந்து பைக்கில் போனால் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நுழைந்து போக வேண்டும். அந்த டயரைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்றேன்.

இப்போது மெட்ரோ வரை சந்து வழியாக அப்பாவின் பழைய சைக்கிள்தான். கேரியரில் அவர் மீன் கூடை கட்டிய டியூப் இன்னும் இருக்கிறது. அதில்தான் என் புத்தகப் பை. 2021 பிப்ரவரியில்தான் எங்கள் பகுதி வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. அதற்கு முன்னால் அக்கா பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போனாள் (இன்றும் சொல்லிக்காட்டுவாள்). அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடந்தால், ஸ்டேடியம் தாண்டி, கடற்காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில் பல்கலைக்கழகம்.

தினமும் மெட்ரோ கட்டுப்படியாகாது, சரி. மாசக் கடைசியில் திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து சென்ட்ரல், அப்புறம் பஸ். மாணவர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. படிக்கும் இடத்தில் கையெழுத்து வாங்கத்தான் கொஞ்சம் அலைய வேண்டும்.

நேற்று வழியில் செயின் கழன்றுவிட்டது. மாட்டிவிட்டு ஓடினேன். நோட்டில் ஐந்து விரலும் கிரீஸில் பதிந்திருக்கிறது.