குழந்தைகளோடு கிப் ரிவர் ரோடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே கிம்பர்லி பகுதியில் ஓடும் கிப் ரிவர் ரோடு என்ற மண்பாதையில் குழந்தைகளோடு போகலாமா என்று பெர்த் நண்பர்கள் பலர் கேட்பதால் எழுதுகிறேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தாராளமாகப் போகலாம், மே முதல் செப்டம்பருக்குள். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகிப் பாதையே மூடிவிடும்.

டெர்பியிலிருந்து குனுனுரா பக்கம் வரை சுமார் 660 கி.மீ. பண்ணை மாடுகளை ஏற்றிவரப் போட்ட பாதை. பெரும்பகுதி சரளையும் செம்மண்ணும்தான், அலை அலையாக வண்டியை உதறும். டயர் காற்றைக் குறைத்து நிதானமாக ஓட்டுங்கள். இரண்டு ஸ்டெப்னி கட்டாயம். கூடாரம், கேஸ் அடுப்பு, அரிசி பருப்பு, நிறையத் தண்ணீர் இருந்தால் போதும்.

எங்களுக்கு மனம் நிறைந்த இடம் பண்டில்ங்கன், அதாவது விண்ட்ஜானா பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அது கடல் உயிரினங்களால் கடலுக்குள் வளர்ந்த திட்டு! சுவரிலேயே புதைபடிவங்கள் தெரிகின்றன. சின்னவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கீழே மணலில் நன்னீர் முதலைகள் வெயில் காய்கின்றன, தள்ளியே நில்லுங்கள்.

அப்புறம் டனல் க்ரீக். மலைக்கு அடியில் 750 மீட்டர், இருட்டில், தண்ணீரில் நடக்க வேண்டும். வெள்ளையர் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய புனுபா பழங்குடி வீரர் ஜண்டமாரா ஒளிந்திருந்த குகை இது. 1897இல் இதன் அருகிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஆளுக்கொரு டார்ச்சும் நனையக்கூடிய செருப்பும் வேண்டும்.